ஒரு சாண் வழி

அத்தியாயம் 17

வேணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த இடத்தில் போன வாரம் விட்டோம். இந்த வாரமும் அது அணையவில்லை. நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காகத் தீ எங்கே பற்றியது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

திண்டிவனத்தில், விழுப்புரம் போகிற பக்கம், பைபாஸை ஒட்டிய தெருவில் ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் வேணி. அவள் புருஷன் தென்னரசு, விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ்ஸில் டிரைவர். இளையவள் ரோஜா. அவள் புருஷன் அலெக்ஸ் குவைத்தில் இருக்கிறான். இருவருக்கும் மாமியார் பூமாலை.

வேணி தையல் கம்பெனிக்கு சைக்கிளில் போகிறவள். கல்யாணமான புதிதிலிருந்து ஒரு ஸ்கூட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். தென்னரசு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

"ரோட்டுல இன்னா நடக்குதுன்னு தெனமும் பாத்துக்கினு வர்றவன் நானு. என் வண்டி முன்னாலயே ஒரு பொம்பள செத்தத பாத்திருக்கேன். உனக்கு அதெல்லாம் வேணாம். சைக்கிள்தான் உனக்கு சேஃப்டி."

சரி, புருஷன் நம்மேல் உயிரை வைத்திருக்கிறான், அதனால் பயப்படுகிறான் என்று வேணி மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதலில்தான் மண் விழுந்தது. அலெக்ஸ் குவைத்தில் இருந்தபடியே பெண்டாட்டிக்கு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் கூட வேண்டாம் என்கிற ரகம். வந்த வண்டியை மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்தார். அது போதாதென்று மாமியார் பூமாலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்து ஏற்றச் சொன்னாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரோஜாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? ரோட்டை நினைத்து நடுங்கிய அதே தென்னரசுதான். டூட்டி முடிந்து வந்தவன் காப்பியைக்கூடக் குடிக்காமல் ஏரிப் பக்கத்து மைதானத்துக்குப் போய், ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்தான்.

"தம்பி சொல்லிட்டான். முடியாதுன்னா சொல்ல முடியும்?" என்றான் வேணியிடம்.

ஹெல்மெட்டும் தம்பி சொல்லித்தான் வாங்கினானா, அதுவும் ரோஸ் கலரில், என்று வேணி கேட்கவில்லை. கேட்காததை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொள்கிற ஜாதி அவள். ஆனால் வண்டியை மந்திரித்த அன்று மட்டும் வாயை அடக்க முடியவில்லை. "சத்தமே இல்லாம வர்ற வண்டி. எமனும் அப்டித்தான் வருவானாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்.

இனி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

காலையில் வேணி தன் சைக்கிளை வெளியே எடுத்தபோது தென்னரசு ரோஜாவின் ஸ்கூட்டர் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வழக்கமாக ஓட்டும் நீலக்கலர் பஸ் எஃப்.சி. சான்றிதழுக்காக ஒர்க் ஷாப்பில் நிற்கிறது. அதனால் இன்று டூட்டி இல்லை, பஸ் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தான். கிளம்புவதற்கு முன்னால் தம்பி பெண்டாட்டியின் டயருக்கு மருத்துவம் நடக்கிறது.

"காத்து சரியா இருக்குது," என்றான். "நேத்து சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது மாமா," என்றாள் ரோஜா. பைபாஸ் ஓரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எல்.கே.ஜி. டீச்சர் அவள். பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற மாதிரியே ஒப்பித்தாள். "முன்னால யார் போனாலும் ரெண்டு ஹாரன். அடிச்சிட்டு ஏறிடணும். தயங்கக் கூடாது."

"அதான். ஏறலாமா வேணாமான்னு நடுவுல நின்னா அங்கதான் ஆபத்து. ஹாரன் அடிச்சா நம்ம ரோட்டுல ஒதுங்காத ஆளே கெடையாது."

பத்து டன் இரும்பை ஓட்டுகிறவனின் பாடம் அது. பஸ் ஹாரன் அடித்தால் ஊரே ஒதுங்கும். கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிற இந்த ஸ்கூட்டருக்கு யார் ஒதுங்குவார்கள் என்பது தென்னரசின் யோசனைக்கு வரவில்லை. தனக்குத் தெரிந்த ரோட்டைத்தான் அவன் சொல்லிக்கொடுத்தான்.

"என்னாங்க," என்றாள் வேணி. "என் சைக்கிளுக்கு பிரேக் கட்ட தேஞ்சி போய்க்கினு இருக்குதுன்னு சொன்னேனே."

"சாயங்காலம் பாக்கலாம்."

"போன சாயங்காலமும் இதத்தான் சொன்னீங்க."

"அட, சைக்கிள்தானே வேணி! கால ஊனினா நிக்கப்போவுது."

சைக்கிள்தானே. அந்த வார்த்தையை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் வேணி பெடலை மிதித்தாள்.

பைபாஸுக்கு இணையாகப் போகிற சர்வீஸ் ரோடு அகலத்தில் சின்னது. போவதற்கும் வருவதற்கும் அதே ரோடுதான். அதிலும் பாதியை லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பல் விளக்க எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருக்கிற பாதியில் பஸ்காரன் சைக்கிள்காரனைத் திட்டுவான். சைக்கிள்காரன் ஸ்கூட்டர்காரனைத் திட்டுவான். யாருக்கும் யாரையும் பிடிக்காத ரோடு அது. தென்னரசுகூட அங்கே தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று தினமும் நாலு பேரையாவது கேட்பான்.

வேணி லாரி வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

கீ... கீ...

திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. வண்டி ஓடுகிற சத்தம் கேட்காமல் ஹாரன் மட்டும் கேட்டால் அது யாரென்று அவளுக்குத் தெரியும்.

இடது பக்கம் மண் ஓரம் காலியாகத்தான் இருந்தது. ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பினால் போதும். வேணி திருப்பவில்லை. இந்த ரோட்டிலாவது நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வாடி என்று நினைத்துக்கொண்டாள்.

கீ... கீ...

இரண்டாவது தடவை அடித்தபோது அவள் செய்ததைத்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. சைக்கிளை ஒரு சாண் வலது பக்கம் இழுத்தாள். வேண்டுமென்றுதான்.

ஒப்பித்த பாடம் ரோஜாவுக்கு மறக்கவில்லை. ஹாரன் அடித்தாகிவிட்டது, ஏறிடணும், தயங்கக் கூடாது. சைக்கிளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் ஏறினாள். எதிரே, பைபாஸிலிருந்து இறங்கி சர்வீஸ் ரோட்டுக்குள் ஒரு வெள்ளைக்கலர் பஸ் திரும்பியது.

பிரேக் சத்தம் வேணியின் பல்லைக் கூசவைத்தது. பஸ்ஸின் மூலை ஸ்கூட்டரைத் தட்டியது. ரோஜா தூக்கி எறியப்பட்டாள். ரோஸ் ஹெல்மெட் தார் ரோட்டில் ஒருமுறை மோதி நின்றது. ஸ்கூட்டர் அவள் காலின்மேல் விழுந்தது.

வேணி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளும் இன்னும் இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கினார்கள். ரோஜாவின் வலது கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு மயங்கிப்போனாள்.

கூட்டம் எங்கிருந்துதான் வருமோ! கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐம்பது பேர்.

"டிரைவர எறக்குங்கடா கீழ!"

"பிரைவேட் பஸ்காரனுக்கு டைமிங்தான் முக்கியம். மனுசன் உயிரு துச்சம்!"

பிரஷ்ஷும் நுரையுமாக நின்ற லாரி டிரைவர் ஒருவர் குறுக்கே வந்தார். "எல்லாத்துக்கும் டிரைவரையே சொல்லாதீங்கய்யா. இந்தக் கரண்ட் வண்டிங்க பூனை மாரி வருது. சத்தம் இருந்தாதான நாங்க பாக்கறதுக்கு?"

"ரோட்டுல லாரிய நிறுத்தி வெச்சிக்கினு நியாயம் பேசறியா நீ?" என்று பைக்கில் வந்த ஒருவன் எகிறினான்.

"என்னைக் கேக்கறத வுடு. அந்த சைக்கிளு ஏன் நடுரோட்டுல போச்சு? மொதல்ல அதக் கேளு!"

எல்லார் முகமும் வேணியின் பக்கம் திரும்பியது. ஒருவன் செல்போனைத் தூக்கி அவளைப் படம் பிடித்தான்.

"ஏம்மா, நீதான பக்கத்துல போனே? இன்னா நடந்துச்சு?"

ஐம்பது பேரும் தன் நெஞ்சைத் திறந்து உள்ளே பார்க்கிறார்கள் என்று வேணிக்குத் தோன்றியது. பஸ் கண்ணாடியில் வெயில் அடித்து உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை. யாரோ ஒரு டிரைவர். யாரோ ஒருவன்தானே!

"பஸ்தான்," என்றாள். "பஸ்தான் வேகமா வந்துச்சு. நான் பாத்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வேணி கெடுத்தது தன்னை மட்டும் இல்லை.

கூட்டம் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஆளை இழுத்தது. காக்கிச் சட்டைப் பையைப் பிடித்து ஒருவன் இழுத்தான், இன்னொருவன் வாயில் குத்தினான். கீழே விழுந்து எழுந்த ஆள் தென்னரசு.

வேறு டிரைவர் ஒருவர் வராததால் அவள் கிளம்பிய கையோடு முதலாளி கூப்பிட்டு, பைபாஸ் ஓரத்து ஷெட்டில் நின்ற இந்த மாற்று வண்டியை எடுத்துவரச் சொன்ன கதையெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"என்னாங்க!" என்று கத்திக்கொண்டு வேணி ஓடினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அடித்தவர்களையும் பார்க்கவில்லை. உதட்டில் ரத்தத்தோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கீழே கிடந்தவளிடம் போய் மண்டியிட்டான்.

"ரோஜா! ஏ ரோஜா! கண்ணத் தொறம்மா! மாமா வந்திருக்கேன் பாரும்மா!"

புருஷனுக்கு அடி விழுந்திருக்கிறது. ஓரகத்திக்குக் கால் உடைந்திருக்கிறது. அதற்குக் காரணம் தான். அந்த நேரத்திலும் வேணிக்குள் ஒன்று சுருக்கென்று குத்தியது. என்னை ஒரு தடவை பார்த்தானா? இந்தப் பொறாமை என்கிற சனியனுக்கு இடம், பொருள், ஏவல் எதுவும் கிடையாது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பூமாலை வாசலிலேயே அவளை மறித்துக்கொண்டாள்.

"வாய் வெச்சியே, பலிச்சிதா? இப்ப குளுந்துதா உனக்கு?"

"அத்தே, நான்..."

"எமன் மாரி வருதுன்னு சொன்னியே அன்னிக்கி, என் காது கேக்க! கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டு பழம் வெச்சேன். உன் கண்ணுக்கு ரெண்டு மூட்ட வெச்சிருக்கணும்."

வேணி அவளைத் தாண்டி உள்ளே போனாள். கண்ணால் என்றுதான் மாமியார் நினைக்கிறாள். கையால் என்று தெரிந்தால்?

ரோஜா கட்டிலில் கண் விழித்திருந்தாள். காலுக்கு அட்டை கட்டியிருந்தார்கள். தொடை எலும்பு, இங்கே முடியாது, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள் முதலில்.

வேணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"வலிக்கு அழல அக்கா. அவரு போன் பண்ணாரு. வண்டிய வித்துடணுமாம். கால் சரியானாலும் வேலைக்குப் போவக் கூடாதாம். வூட்டோட கெடன்னுட்டாரு." ரோஜா கண்ணைத் துடைத்தாள். "பசங்க என்னிய தேடும் அக்கா."

மூன்று வாரமாக வேணி வேண்டிக்கொண்டது இதைத்தான். அந்த வண்டி வீட்டைவிட்டுத் தொலையவேண்டும். தொலையப்போகிறது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. வாயில் போட்டுக்கொண்டது மிட்டாயா மண்ணா என்று தெரியாமல் விழித்தாள்.

"போலீஸ்ல இருந்து ஏட்டம்மா வந்தாங்க," என்றாள் ரோஜா. "நான் சொல்லிட்டேன் அக்கா. தப்பு என்னுதுதான், நான்தான் அவசரப்பட்டு ஏறிட்டேன், மாமா மேல ஒண்ணும் இல்லன்னு. மாமாவ வுட்ருவாங்க இல்ல?"

வேணிக்கு ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. என் புருஷனை நான் மாட்டிவிட்டேன். இவள் காப்பாற்றிவிட்டாள். கால் உடைந்து படுத்துக்கொண்டே நல்லவள் பட்டத்தையும் வாங்கிக்கொண்டாளே! எனக்கென்று இந்த வீட்டில் மிச்சம் வைத்ததுதான் என்ன?

"நீ பேசாத. தூங்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் வேணி ரோட்டில் விட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் பஸ் முதலாளி ஜெகதீசன் அவளைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது.

"இன்னாம்மா வேணி, இப்டிப் பண்ணிட்டே? பொண்டாட்டியே புருசன் வேகமா வந்தான்னு சொன்ன வீடியோ ஊரெல்லாம் ஓடிக்கினு இருக்குது."

"அவருன்னு தெரியாதுங்க."

"அது சரி. இப்ப கேளு. இதே மாரி கேஸ் ஆச்சுன்னா லைசென்ஸ் போயிடும். கேஸுல மாட்டினவன் கையில ஸ்டியரிங்க நானே குடுக்கமாட்டேன், வேற எவன் குடுப்பான்? அவனுக்கு வேற தொழில் தெரியுமா?"

தெரியாது. தென்னரசுக்கு ஸ்டியரிங்கைத் தவிர எதுவும் தெரியாது. வீட்டில் தோசையைத் திருப்பினால்கூட பஸ்ஸைத் திருப்புகிற மாதிரிதான் திருப்புவான்.

ஜெகதீசன் குரலைத் தாழ்த்தினார். "உன் ஓரகத்தி நல்ல பொண்ணு. தப்பு என்னுதுன்னு சொல்லிட்டா. நீ உள்ள போயி, ஆமா மேடம், பதட்டத்துல மாத்தி சொல்லிட்டேன், ஸ்கூட்டர்தான் குறுக்க ஏறுச்சுன்னு சொன்னா முடிஞ்சிது. அந்த வண்டிக்கு லைசென்ஸும் கெடையாது, நம்பரும் கெடையாது. புடுங்கறதுக்கு இன்னா இருக்குது? ஜல்தி போ."

எவ்வளவு சுலபம்! ஒரு வார்த்தை. புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஸ்கூட்டர் போய்விடும். ரோஜாவே ஒத்துக்கொண்ட பிறகு யாரும் வேணியைக் குறை சொல்ல முடியாது. சைக்கிள் எந்தப் பக்கம் போனது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வேணி படியேறினாள்.

உள்ளே பெஞ்சில் தென்னரசு உட்கார்ந்திருந்தான். உதடு தடித்துப்போயிருந்தது. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. வேணி வந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி சுவரைப் பார்த்தான்.

ஏட்டம்மா புனிதா நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. காலையில கூட்டத்துல பஸ் வேகமா வந்துச்சுன்னு சொன்னீங்க. வீடியோ இருக்குது. அடிபட்ட பொண்ணு, தப்பு என்னுதுன்னு சொல்லுது. டிரைவர் பொண்டாட்டியே டிரைவர் மேல சொல்றீங்க, அடிபட்டவ தன் மேலயே சொல்றா. என் சர்வீஸ்ல இப்டி ஒரு கேஸ பாத்ததில்ல. எதும்மா நெசம்?"

வேணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "மேடம், நான் பயத்துல..."

"பயத்துல?"

"பயத்துல மாத்தி சொல்லிட்டேன். பஸ்ஸு வேகமா வரல. ஸ்கூட்டர்தான்..."

"இல்ல மேடம்!"

குரல் பெஞ்சிலிருந்து வந்தது. தென்னரசு எழுந்து நின்றான்.

"நான் வேகமா வரல, அது நெசம். அதுக்காக ரோஜா மேல எழுதாதீங்க. அது அப்டிக் கண்ணு மூடிக்கினு ஏறாது. நான் கத்துக்குடுத்த பொண்ணு மேடம். எத்தினியோ பேருக்கு நான் வண்டி பழக்கிவிட்டிருக்கேன். இது மாரி சுத்தமா, சொன்னத சொன்ன மாரியே கத்துக்கினவங்க ஒருத்தர் கெடையாது. ஹாரன் அடிக்காம அது ஏறவே ஏறாது."

கிழிந்த சட்டையோடு, தடித்த உதட்டோடு, வேலை போகிற நேரத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை இருந்தது. தான் வளர்த்த கன்றைப் பற்றிப் பேசுகிறவனின் பெருமை. அந்தப் பெருமை தன்னைப் பற்றி ஒருநாளும் அவன் குரலில் வந்ததில்லை என்று வேணிக்குத் தோன்றியது.

மனசாட்சி உறுத்தியதால் வேணி உண்மையைச் சொன்னாள் என்று எழுதினால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் நடந்தது அது இல்லை. அவளால் அந்தப் பெருமையைத் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"அடிச்சா!" என்று கத்தினாள்.

ஸ்டேஷனில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

"அடிச்சா உங்க ரோஜா! நீங்க சொல்லிக்குடுத்த மாரியே ரெண்டு தபா அடிச்சா! எனக்கு நல்லா கேட்டுது. நான்தான் வழி வுடல!"

புனிதா பேனாவைக் கீழே வைத்தார். "கேக்கலன்னு சொல்ல வர்றீங்களா?"

"கேட்டுதுன்னுதான் மேடம் சொல்றேன். லெப்ட்டுல எடம் இருந்துச்சு. ஒதுங்கியிருக்கலாம். நான் ரைட்டுல இழுத்தேன். வேணும்னே இழுத்தேன். அதுக்கப்புறம்தான் அவ சுத்திக்கினு போயி பஸ்ஸுக்கு முன்னால வந்தா."

"ஏம்மா? ஏன் அப்டிப் பண்ணீங்க?"

கேட்டது ஏட்டம்மா. வேணி திரும்பிப் பதில் சொன்னது புருஷனிடம்.

"கல்யாணம் ஆன நாளா நான் ஒரு வண்டி கேட்டேன். உனக்கு வேணாம், ரோடு சரியில்லன்னு சொன்னீங்க. நம்பினேன். அவளுக்கு மட்டும் ரோடு சரியாயிடுச்சா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என் வண்டி பின்னால நீங்க ஓடியாந்தீங்களா?"

அன்று காலையிலிருந்து முதல்முறையாகத் தென்னரசு அவளைப் பார்த்தான். பெஞ்சில் மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

புனிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதல்லவா!

"இத எழுதினா கேஸு உங்க பக்கம் திரும்பும். தெரியுதா?"

"தெரியுது மேடம். எழுதுங்க."

பேனா காகிதத்தைத் தொட்டபோது வேணியின் செல்போன் அடித்தது. பூமாலை.

"எங்கடி இருக்கறே? ஆம்புலன்ஸு வந்து நிக்குது. முண்டியம்பாக்கம் போவணும். இவ ஸ்ட்ரெச்சர்ல ஏறமாட்டேன்னு பேஜாரு பண்றா. வேணி அக்கா கூட வந்தாதான் வருவேன்றா. நான் வேணாமாம். உங்கிட்ட தனியா ஒண்ணு கேக்கணுமாம்."

"இன்னா கேக்கணுமாம்?"

"எனக்கு இன்னா தெரியும்? சீக்கிரம் வா."

ரோஜா பின்னால்தான் வந்தாள். சைக்கிள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அவளைவிட நன்றாகப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்துவிட்டுத்தானா "தப்பு என்னுது" என்றாள்?

"போய்க்கினு வந்துடுங்க," என்றார் புனிதா. "கையெழுத்து போட ஆறு மணிக்குள்ள வரணும்."

வேணி வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தாள். ஸ்டாண்டை எடுக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது.

"சைக்கிள எடுக்காத."

பின்னால், வாசற்படியில் தென்னரசு நின்றுகொண்டிருக்கவேண்டும். குரலில் கோபம் இல்லை. அன்பும் இல்லை. பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"ஆட்டோல போ."

கை நடுங்குகிறதே, விழுந்துவிடுவாளே என்று சொல்கிறானா? இல்லை, உன்னை நம்பி இனிமேல் ரோட்டில் விடமாட்டேன் என்று சொல்கிறானா? திரும்பி முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நொடி போதும்.

வேணி திரும்பவில்லை. அதற்கு அவளிடம் தைரியம் இல்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, ரோட்டோரம் வந்து, வருகிற ஆட்டோவுக்குக் கையை நீட்டினாள்.